மூன்று நாளுக்கு ஒரு பை

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கோர்ட்.
அன்று சாயங்காலமே காங்கேயத்தில்
சின்ன மாமன் மகள் ரிசப்ஷன்.
சனி விடியக்காலை நாலுக்கு
வேனில் வால்பாறை, ஆபீஸ் பெண்கள் பதினோரு பேர்.
நடுவில் வீட்டுக்கு வந்து மாற்ற நேரமில்லை.
தோளில் மாட்டும் பை ஒன்றுதான்.

ஈரோட்டில், ஆர்.கே.வி. ரோட்டில் அந்தக் கடை.
மாடி மாடியாய் விசேஷத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.
முகூர்த்தம் முதல் மாடி.
வளைகாப்பும் காதுகுத்தும் இரண்டாவது.
துக்கத்துக்கும் ஒரு மூலை உண்டு,
பேர் எழுதாமல், வெள்ளையும் சாம்பலுமாய்.

"என்ன விசேசத்துக்குங்க்கா?"
கழுத்தில் இஞ்ச் டேப், சட்டையில் பேர்: மேகலை.
சொல்லிவிட்டேன்.
நூல் மில்லில் கணக்கெழுதுகிறவள் நான்,
பக்கத்து மேசைக்கே இன்னும் சொல்லவில்லை.

அவள் ஐயோ என்று வாயெடுக்கவில்லை.
"நிக்க வெப்பாங்களா, உக்காரச் சொல்லுவாங்களா?"
பெஞ்சு இருக்கும், எத்தனை நேரமென்று தெரியாது என்றேன்.
"அப்பக் கசங்காததாப் பாக்கோணும்."

மெரூனை எடுத்தாள், தானே திருப்பி வைத்தாள்.
"இது மூஞ்சிய அழுத மாதிரி காட்டுமுங்க."
மயில்கழுத்து நீலம், "இதுல காங்கேயம் மட்டும் போலாம்."
பிறகு அடியில் கை விட்டு இழுத்தாள்,
புளியம்பழ ஓட்டு நிறத்தில் நீளக் குர்த்தி.
முனையை உள்ளங்கையில் கசக்கி
இருபது எண்ணினாள், நானும் கூட எண்ணினேன்.
விட்டாள். துணி மூச்சு விட்டதுபோல் விரிந்தது.

"ராத்திரிக்கு ஜரிகை ஷால் ஒண்ணு.
மலைக்குக் கையச் சுருட்டி உட்டுக்கோங்க,
அட்டை கடிச்ச ரத்தமும் இந்தக் கலர்ல தெரியாது.
அக்கா, ரெண்டு பக்கமும் பாக்கெட் இருக்குது பாருங்க."

வீட்டில் பீரோவைத் திறந்து ஷால் தேடினேன்.
கூறைப்பட்டு கனத்துக்கிடந்தது.
இருபத்து மூவாயிரத்து நானூறு. கட்டியது இரண்டு தரம்.
ஒரு தரத்துக்குப் பதினோராயிரத்து எழுநூறு.
புதுசு ஆயிரத்து நூற்றைம்பது, மூன்று நாளைக்கு வகுத்தால்
முந்நூற்று எண்பத்து மூன்றும் சில்லறையும்.
பதினோரு வருஷத்தை எதால் வகுப்பதென்று
பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம்.
பிறகு பல் விளக்கிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அவரும் யோசித்துத்தான் வந்திருந்தார்.
புதுச் சட்டை, டப்பாவின் மடிப்பு நெஞ்சில் கட்டம் போட்டிருந்தது.
காலருக்கடியில் குண்டூசி ஒன்றை எடுக்க மறந்திருந்தார்.
பேர் கூப்பிட இன்னும் நாலு கேஸ் இருந்தது.
என் கழுத்தைத் தொட்டு, "ஊசி" என்றேன்.
தடவித் தடவி எடுத்தார்.
எங்கே போடுவதென்று தெரியாமல்
விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றார்.
வீட்டிலும் இப்படித்தான், பழைய பேட்டரி, உடைந்த சாவி.
கையை நீட்டினேன்.
வலது பாக்கெட்.

உள்ளே இரண்டு கேள்வி, இரண்டு "ஆமாங்க".

காங்கேயத்தில் மண்டப வாசலில்
பன்னீர் தெளித்த கையோடு ருக்குமணி அத்தை,
"ஏன் கண்ணு, நேரா ஆபீஸ்ல இருந்து வர்றயா?"
"ஆமாங்த்தை."
ஷால் தோளில் நிற்காமல் வழுக்கியது.
பாக்கெட்டில் கை விட்டேன், குத்தியது.
அதையே எடுத்துக் குத்திக்கொண்டேன்.
ஜரிகை நல்லாயிருக்கிறதென்று மூன்று பேர் சொன்னார்கள்.
அரிசிம்பருப்பு சாதம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன்.

ஆழியாறு தாண்டிப் பதினெட்டாவது வளைவில்
கோகிலவாணி வாந்தியெடுத்தாள், பாதி என் மேல்.
தண்ணீர் ஊற்றித் துடைத்ததும்
எந்த இடமென்று எனக்கே தெரியவில்லை.
மேகலை இதைச் சொல்லியிருக்கவில்லை.

தேயிலைச் சரிவில் பதினோரு பேரும் நின்று படம்.
வெளிறிய முகத்தோடு கோகிலவாணி துணியைத் தொட்டுப் பார்த்தாள்.
"நல்லாருக்குதுக்கா. எதுக்குன்னு எடுத்தீங்க?"

குளிருக்கு இரண்டு கையும் உள்ளே இருந்தது.
"பாக்கெட் இருந்துச்சு" என்றேன்.